பம்பு ஓடிய ஐந்து நாள்

விசாரணைக் குழுவின் அறிக்கை நாற்பத்தொரு பக்கம். தட்டச்சு செய்தது நான். இருந்திருக்க வேண்டிய ஒரு வரி அதில் கிடையாது. எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். யாரும் என்னை மிரட்டக்கூட இல்லை. "இது தேவையில்லப்பா" என்று குழுத் தலைவர் பேனாவால் ஒரு கோடு போட்டார், அவ்வளவுதான். அந்த வரியைச் சொன்ன பெண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அணுமின் நிலையத்தில் அவரைக் கம்ப்ரசர் அக்கா என்பார்கள். அவருடைய அப்பா ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஒரு ஆள் நுழைந்தால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை. அக்காவுக்குப் பதினேழு வயதில் அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. அந்த வருடம் பள்ளியிலேயே இயற்பியலில் முதல் மதிப்பெண் அக்காதான். கல்லூரி விண்ணப்பம் பூர்த்தி செய்தபடியே இழுப்பறையில் கிடந்தது. "ஒரே ஒரு வருஷம் பாத்துக்கம்மா, அப்பா எழுந்துடுவாரு" என்றார் அம்மா. அப்பா எழவில்லை. அக்கா இருபத்தொன்பது வருடம் கடையை நடத்தினார்.

தம்பிக்கு அப்போது பத்து வயது. பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, ஓடாத ஃப்ரீசர் பெட்டியின் மேல் கணக்கு நோட்டை விரித்துக்கொள்வான். கையில் கிரீஸோடு அக்கா எட்டிப் பார்த்து, "மூணாவது வரியில குறி மாறிடுச்சு பாரு" என்பார். அவன் படித்தான், மேலே மேலே படித்தான், வெளியே போய் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தான். அந்த வீட்டில் படிப்பு ஒருவருக்குத்தான் என்று யாரும் முடிவு எடுக்கவில்லை. அது தானாகவே அப்படி ஆகிவிட்டது. தானாக ஆகிற காரியங்கள் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் ஆகின்றன.

அக்காவைக் கட்டியவர் அணுமின் நிலையத்தின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். உள்ளே போகிறவர்களின் மேலங்கிகளைத் துவைத்து, கதிர்வீச்சு ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கருவியின் அடியில் காட்டி மடிப்பது அவர் வேலை. வாய் நிறையக் கேலி பேசுவார். கோபம் வந்தால் மட்டும் பேசாமல் இருந்துவிடுவார்.

தம்பி வேலை செய்த ஆய்வுக்குழு உலைக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு அறையைப் பிடித்திருந்தது. உலையின் மையத்திலிருந்து பதினேழு மீட்டர் தள்ளி. ஜன்னல் கிடையாது. கூரை முழுக்கக் குழாய். நடுவில் ஈயக் கட்டிகளை அடுக்கி ஆள் உயரத்துக்கு ஒரு கோட்டை. அதற்குள் செம்புக் குடுவையில் மூன்று கிலோ ஜெர்மானியம் படிகம். அது வேலை செய்ய வேண்டுமானால் பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூறு டிகிரி குளிரில் இருக்க வேண்டும். திரவ நைட்ரஜனை அந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவரப் பாதுகாப்பு விதி இடம் தரவில்லை. அதனால் மின்சாரத்தில் ஓடும் குளிரூட்டி ஒன்றை வைத்தார்கள். அது வாரத்துக்கு இரண்டு முறை படுத்துக்கொண்டது. விற்ற கம்பெனியின் ஆள் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அப்போதுதான் தம்பிக்கு அக்கா ஞாபகம் வந்தது.

அக்கா வந்தார். உள்ளங்கையைக் குளிரூட்டியின் மேல் ஒரு நிமிடம் வைத்திருந்தார். "உள்ள ஒரு பிஸ்டன் ஒழுங்கா திரும்பல. கழட்டலாமா?" என்றார். கழற்றினார். அதன் பிறகு அந்த இயந்திரம் ஒன்றேகால் வருடம் நிற்காமல் ஓடியது. ஒப்பந்த ஊழியராக அவரை எடுத்துக்கொண்டார்கள். கடையை மூடினார். நாற்பத்தாறாவது வயதில் ஒரு ஆய்வுக்கூடத்துக்குள் அவருக்கென்று ஒரு நாற்காலி கிடைத்தது.

அங்கே என்ன செய்கிறார்கள் என்பதைத் தம்பி சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். பிறகு எனக்கும் அவர்தான் சொன்னார். உலைக்குள் யுரேனியம் பிளக்கப் பிளக்க நியூட்ரினோக்கள் கிளம்பிக்கொண்டே இருக்கின்றன. மின்சுமை இல்லை, எடை என்று சொல்லவும் ஏதுமில்லை. கான்கிரீட், ஈயம், மனித உடம்பு எதையும் அவை மதிப்பதில்லை. அந்த அறையில் நிற்பவரின் கட்டைவிரல் நகம் வழியாக நொடிக்குப் பத்து லட்சம் கோடி போகும். ஒன்றுகூட எதையும் தொடாது.

எப்போதாவது ஒன்று ஓர் அணுக்கருவைத் தொடும். ஆற்றல் அதிகமுள்ள நியூட்ரினோ என்றால் கருவுக்குள் இருக்கும் ஒரு துகளைத் தனியாகக் குறிபார்த்து மோதலாம், கருவையே உடைக்கலாம். உலையிலிருந்து வருபவை ஆற்றல் குறைந்தவை. அவற்றுக்கு அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கத் தெரியாது. கரு முழுவதும் அவற்றுக்கு ஒரே பொருள். அதனால் உள்ளே இருக்கும் நியூட்ரான்கள் எல்லாம் சேர்ந்து ஒன்றாகப் பதில் சொல்கின்றன. நாற்பது நியூட்ரான் இருந்தால் மோதல் நடக்கும் வாய்ப்பு நாற்பது மடங்கோடு நிற்காது. நாற்பதை நாற்பதால் பெருக்கிய அளவுக்கு, ஆயிரத்து அறுநூறு மடங்கு கூடும். பிரம்மாண்டமான தொட்டி கட்டாமல் மூன்று கிலோ படிகத்தோடு உட்கார்ந்திருக்க முடிந்தது அதனால்தான். ஆனால் மோதிய பிறகு நடப்பது என்ன? கரு இருந்த இடத்தில் துளி பின்வாங்கும், அவ்வளவே. அந்த அசைவு கிளப்பும் மின்துடிப்பு, கருவியின் சொந்த இரைச்சலுக்குள் பாதி மூழ்கியிருக்கும்.

அக்கா வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் துணி மடிப்பதை நிறுத்தினார்.

"அதாவது கொசு இடிச்சு லாரி எவ்வளவு நகர்ந்துச்சுன்னு அளக்கப் போறீங்க."

"ஆமா."

"பக்கத்துல ஒருத்தன் தும்மினா?"

"அதான் பிரச்சினையே" என்றார் அக்கா.

கணக்குப்படி அந்தப் படிகத்தில் நாளொன்றுக்கு நாலு மோதல் தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். உலை ஓடும் நாட்களில் எத்தனை துடிப்பு, எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தும் நாட்களில் எத்தனை துடிப்பு என்று எண்ணிக் கழிப்பது. ஒரு வருடம் எண்ணினார்கள். ஓடும்போது நாளுக்கு இருபது, நிறுத்தியிருக்கும்போது பன்னிரண்டு. மிச்சம் எட்டு. நாலு எதிர்பார்த்த இடத்தில் எட்டு வந்ததற்கும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. கருவின் அசைவில் எவ்வளவு பங்கு மின்துடிப்பாக மாறும் என்பதை இவ்வளவு குறைந்த ஆற்றலில் யாரும் சரியாக அளந்ததில்லை. அந்தப் பங்கைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டால் எட்டு வந்துவிடும். குழுவை நடத்திய பேராசிரியருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் பாக்கி. வேறொரு குழுவும் இதே ஓட்டத்தில் இருந்தது. எல்லோருக்கும் எட்டு பிடித்துப்போயிற்று.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அந்த அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் உலைக்கு நீர் சுற்றும் பெரிய பம்பு இருந்தது. உலை ஓடினால் பம்பு ஓடும், உலை நின்றால் பம்பும் நிற்கும். பம்பு ஓடுகிற நாட்களில் குளிரூட்டியின் இரும்புக் காலில் கை வைத்தால் ஒரு மெல்லிய நடுக்கம் இருக்கும். காதுக்குக் கேட்காது, கைக்குத் தெரியும். படிகம் குளிரூட்டியோடு செம்புத் தண்டால் இணைந்தது. நடுங்கினால் பொய்த் துடிப்பு பிறக்கும் என்பதைச் சொல்ல முனைவர் பட்டம் தேவையில்லை. தம்பியிடம் சொன்னார். "அதிர்வுத் துடிப்புக்கு வடிவம் வேறக்கா, சாஃப்ட்வேர் அதைத் தனியா வடிகட்டிடும்" என்றார் தம்பி.

அடுத்த முறை உலையை நிறுத்தியபோது பம்பின் பேரிங்கை மாற்றினார்கள். மாற்றியதும் சோதனைக்காக ஐந்து நாள் பம்பை மட்டும் ஓட்டினார்கள். உலை செத்துக் கிடந்தது, பம்பு ஓடியது. அந்த ஐந்து நாளும் அக்கா காலையில் வந்ததும் முதல் வேலையாகத் திரையைப் பார்த்தார். இருபத்தொன்று. பத்தொன்பது. இருபது. இருபத்திரண்டு. பதினெட்டு. ஆறாம் நாள் பம்பு நின்றது. பன்னிரண்டு.

அறையின் பதிவேட்டில் வெப்பநிலை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில், தன் உருண்டைக் கையெழுத்தில் அவர் எழுதினார்: "உலை நிறுத்தம். பம்பு மட்டும் ஓட்டம். எண்ணிக்கை உலை ஓடும்போது உள்ளதைப் போலவே. பம்பு நின்றதும் குறைந்தது. இது நியூட்ரினோ இல்லை என்று நினைக்கிறேன்."

அன்று மத்தியானம் தம்பியைச் சாப்பாட்டுக்கூடத்தில் பிடித்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன பண்ணப் போறே?"

"அந்த அஞ்சு நாள்ல பக்கத்துல பராமரிப்பு வேலை நடந்திருக்குக்கா. மோசமான நாட்கள்னு தள்ளிடுவோம். அதுக்கு விதி இருக்கு."

"தள்ளிட்டு?"

"தள்ளிட்டு மத்த நாளை வெச்சுப் போவோம்."

"டேய், உருப்படியான நாளே அந்த அஞ்சுதாண்டா. உலை இல்லாம பம்பு மட்டும் ஓடினது வேற எப்ப கிடைக்கும் உனக்கு? எனக்கு ஆறு மாசம் குடு. ஸ்டாண்டைத் தரையிலிருந்து பிரிச்சு ஸ்பிரிங்ல தொங்க விடறேன். அப்புறம் எண்ணு. எத்தனை வருதோ வரட்டும்."

"ஆறு மாசத்துல அவங்க முந்திடுவாங்க."

"முந்தட்டுமே. நாலு இருந்தா நாலு, அவங்க பாத்தாலும் நாலுதானே?"

தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு இதெல்லாம் புரியாதுக்கா" என்றார். மூணாவது வரியில் குறி மாறிவிட்டது என்று காட்டிய அதே அக்காவிடம்.

கட்டுரை வெளிவந்தது. பெரிய கூடத்தில் விழா எடுத்தார்கள். அணு உலையின் பக்கத்தில், குறைந்த ஆற்றல் நியூட்ரினோ கருவை மொத்தமாகத் தள்ளுவதைப் பார்த்துவிட்டோம் என்று பேராசிரியர் அறிவித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முப்பத்திரண்டு பேர் பெயர் கட்டுரையில் இருந்தது. மூன்றாவது பெயர் தம்பியுடையது. அக்கா கடைசி வரிசையில் சலவைப் பிரிவுக் கணவரோடு உட்கார்ந்திருந்தார். நன்றி சொல்லும் இடத்தில் 'தொழில்நுட்ப ஊழியர்களுக்கும்' என்று ஒரு சொல் வந்தது. "அந்த 'உம்' இருக்கே, அதுதான் நீ" என்று கணவர் காதில் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து எதிர்க்குழுவின் முடிவு வந்தது. அவர்கள் கருவி இன்னும் அமைதியானது. எட்டு என்ற கணக்கு சரியாக இருந்தால் அவர்கள் அதைத் தவறவிட்டிருக்கவே முடியாது. அவர்கள் கருவியில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஒரே வாரத்தில் ஊர் வாய் திறந்தது. நிலைய நிர்வாகம் மூன்று பேர் விசாரணைக் குழுவை அமைத்தது. நான் இயக்குநர் அலுவலகத் தட்டச்சர். மூலையில் ஒரு சின்ன மேசை போட்டு என்னைக் குறிப்பெடுக்க உட்கார வைத்தார்கள்.

பேராசிரியர் முதலில் வந்தார். அதிர்வு விஷயத்தில் தொழில்நுட்பப் பிரிவு எச்சரிக்கை தரவில்லை, குளிரூட்டியைப் பொருத்தியதிலேயே கவனக்குறைவு இருந்திருக்கலாம் என்றார். பழியைத் தலையில் கட்டுவது அவ்வளவு மென்மையாகவும் நடக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். குரல்கூட உயரவில்லை.

அக்கா பதிவேட்டைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். பக்கத்தைத் திறந்து மேசை மேல் வைத்தார்.

குழுத் தலைவர் படித்தார். "இதை யார்கிட்டயாவது நேர்ல சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். என் தம்பிகிட்ட."

அக்கா தம்பி என்பது குழுவில் இருவருக்கு அதுவரை தெரியாது. அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தம்பியை உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா எழுந்து போகவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை.

"இந்தக் குறிப்பு உங்க கவனத்துக்கு வந்துச்சா?"

தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதிவேட்டுல நிறைய குறிப்பு இருக்கும். அவங்க மெக்கானிக். அவங்களுக்குத் தோணுறதை எழுதுவாங்க. அதையெல்லாம் தரவா எடுத்துக்க முடியாது."

"நேர்ல சொன்னதா சொல்றாங்க."

"ஞாபகம் இல்ல."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அக்கா பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம் அக்கா பேசினார்.

"சார், எழுதிக்குங்க. அந்த அஞ்சு நாளைத் தெரிஞ்சே தூக்கிப் போட்டாங்க. தெரியாம இல்ல."

எழுதிக்கொண்டேன். அதுதான் அந்த வரி.

இறுதி அறிக்கை 'கூட்டுப் புரிதலில் ஏற்பட்ட இடைவெளி' என்று முடிந்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பேராசிரியர் மரியாதையாக ஓய்வு பெற்றார். தம்பிக்கு எழுத்து மூலம் ஒரு அறிவுரை. 'குளிரூட்டிப் பொருத்தலில் குறைபாடு' என்று ஒரு பத்தி இருந்தது. அந்தப் பத்தியின் பேரில் அக்காவின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. ஒரு பெரிய நிலையத்தில் யாராவது ஒருவர் வெளியே போனால்தான் நடவடிக்கை எடுத்ததாகும். போவதற்குச் சுலபமானவர் அவர்.

கணவர் அதற்குப் பிறகு மைத்துனரோடு பேசவில்லை. சலவைப் பிரிவுக்குத் தம்பியின் மேலங்கி வரும்போது அதையும் அளந்து, மடித்து, அடுக்கில் வைப்பார். "துணி என்ன பண்ணுச்சு பாவம்" என்பாராம்.

அக்காவின் அம்மா இரண்டு பேரையும் ஒரே வீட்டில் பார்க்க ஆசைப்பட்டார். "அவன் சின்னவன்மா, பயந்துட்டான். நீ விட்டுக் குடுக்கக் கூடாதா?" என்று அக்காவிடம்தான் கேட்டார். "இன்னும் என்னம்மா பாக்கி இருக்கு விட்டுக் குடுக்க?" என்றார் அக்கா.

நான் ஒரு வருடம் கழித்துத்தான் அவரைப் பார்க்கப் போனேன். மருந்துக் கம்பெனி ஒன்றின் குளிர்க் கிடங்கில் பராமரிப்பாளராக இருந்தார். தடுப்பூசிப் பெட்டிகள் அடுக்கிய பெரிய அறை, வாசலில் தடித்த பிளாஸ்டிக் திரை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அந்த வரியை நான்தான் நீக்கினேன் என்று சொன்னேன்.

"எனக்குத் தெரியும். அறிக்கையை வாங்கிப் படிச்சேனே. நீங்க வேற என்ன பண்ணியிருப்பீங்க?"

"எடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றார். மறுத்துப் பேசி என்னைத் தேற்றுவார் என்று எதிர்பார்த்துப் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவர் தேற்றவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் நியூட்ரினோவைப் பற்றி முக்கால் மணி நேரம் சொன்னார். அதைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் அன்று கேட்டதுதான். அதன் பிறகு அவ்வப்போது போய் வருவேன்.

இன்னும் இரண்டு வருடம் போயிற்று. புதிய தலைமையின் கீழ் அதே அறையில் அதே படிகத்தை வைத்துத் தொடர்ந்தார்கள். ஸ்டாண்டைத் தரையிலிருந்து பிரித்து ஸ்பிரிங்கில் தொங்கவிட்டார்கள். யார் யோசனை என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. நடுக்கம் போனதும், முன்பு இரைச்சலுக்குள் மூழ்கிப்போன சின்னத் துடிப்புகளும் தெரிய ஆரம்பித்தன. உலை ஓடும்போதும் நிற்கும்போதும் எண்ணிக் கழித்தார்கள். மிச்சம் வந்தது.

அன்று நானும் கிடங்கில் இருந்தேன். தம்பி காரை விட்டு இறங்கி வந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார், பிறகு அக்காவிடம் ஒரு தாளை நீட்டினார். வரைபடம்.

"அக்கா, இந்தத் தடவை நிஜம்."

அக்கா தாளை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எத்தனை?"

"நாலு. சரியா சொன்னா மூணு புள்ளி எட்டு."

"பம்பை மட்டும் ஓட்டிப் பாத்தீங்களா?"

"பத்து நாள். எண்ணிக்கை அசையவே இல்ல."

அக்கா தாளின் ஒரு ஓரத்தை விரலால் தடவினார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். நியூட்ரினோ கருவை மொத்தமாகத் தள்ளுகிறது, கரு பின்வாங்குகிறது, அது கணக்குப்படியே நடக்கிறது. அதற்காக அவரும் வருடக்கணக்கில் குளிரைக் காத்தவர்.

"வர்ற வெள்ளிக்கிழமை விழா. நீ வரணும். உன் பேரைச் சேக்கணும்னு நான் கேட்டேன். இப்ப பணியில இல்லாதவங்களைச் சேக்க வழி இல்லைன்னுட்டாங்க. ஆனா நன்றியில உன் பேர் தனியா வருது."

"உன் பேர் எத்தனாவது?"

தம்பி கார்ச் சாவியைப் பைக்குள் போட்டார். "முதல்ல" என்றார்.

அக்கா தலையாட்டினார். "அந்த நன்றியில என்ன போட்டிருக்கே? அக்கான்னு போட்டியா, மெக்கானிக்னு போட்டியா?"

தம்பி கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியது. அது நிஜமான கண்ணீர்தான், அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. "அக்கா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தார்.

"ஞாபகம் இல்லைன்னு சொன்னியே, அப்படியே வெச்சுக்க" என்றார் அக்கா. "பேரை எடுத்துடு. கணக்கு சரியா வந்துச்சு, எனக்கு அது போதும். ஆனா உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கறது அதோட தீர்ந்துச்சுன்னு நான் சொல்லல."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். தம்பி அதை வாங்காமல் நின்றார். அக்கா அதைக் காரின் முகப்பில் வைத்து, காற்றில் பறக்காமல் வைப்பரின் அடியில் செருகிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வெள்ளிக்கிழமை விழாவுக்கு நான் போனேன், குறிப்பெடுக்கும் வேலை. நன்றிப் பட்டியலில் அக்காவின் பெயர் இருந்தது. எடுக்கச் சொன்ன பெயரைக்கூட அவர்கள் எடுக்கவில்லை. இரண்டு எழுத்து தப்பாக அச்சாகியிருந்தது. அது யாருக்கும் தெரியாது.